போர்க்கப்பலுக்கு ஏற்ற ஹெலிகாப்டர் எது? கடற்படையின் தேர்வைத் தீர்மானிக்கும் மூன்றரை மீட்டர்

புதுடெல்லி: 1971 டிசம்பர் 9 அன்று இரவு, டையூ கடற்பகுதியில் ரோந்து சென்ற ஐஎன்எஸ் குக்ரி போர்க்கப்பலை பாகிஸ்தானின் ஹங்கோர் நீர்மூழ்கிக் கப்பல் டார்பிடோவால் தாக்கி மூழ்கடித்தது. கேப்டன் மகேந்திரநாத் முல்லா உள்ளிட்ட 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் உயிரிழந்தனர். குக்ரி, நீர்மூழ்கிகளை வேட்டையாடுவதற்கென்றே கட்டப்பட்ட கப்பல். ஆனால் 1,500 டன்னுக்கும் குறைவான எடை கொண்ட அந்தச் சிறிய கப்பலில் ஹெலிகாப்டர் இறங்க இடம் கிடையாது. நீருக்கடியில் உள்ள எதிரியைத் தேட அதற்கு இருந்தது அடிப்பகுதியில் பொருத்தப்பட்ட சோனார் கருவி மட்டுமே.

நீர்மூழ்கிகளைத் தேடும் 'சீ கிங்' ஹெலிகாப்டர்களை இந்தியக் கடற்படை பிரிட்டனிடமிருந்து பெற்றதும் அதே 1971ஆம் ஆண்டில்தான். அதன் பிறகு கட்டப்பட்ட பெரிய போர்க்கப்பல்கள் அனைத்திலும் ஹெலிகாப்டருக்கென இறங்குதளமும் ஹேங்கர் எனப்படும் நிறுத்துமிடமும் வந்துவிட்டன. எனினும் அந்தத் தளத்தில் நிற்கவேண்டிய ஹெலிகாப்டர் எது என்ற கேள்விக்கு விடை காண்பது, கப்பலைக் கட்டுவதைவிடக் கடினமான வேலையாக இருந்து வருகிறது. தரைப்படைக்கும் விமானப்படைக்கும் நன்கு பயன்படும் ஒரு ஹெலிகாப்டரைக் கடற்படை வேண்டாம் என்று சொல்வது ஏன்? இதைப் புரிந்துகொள்ள, வானத்தைவிடக் கப்பலின் தளத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கப்பலின் கண்ணும் காதும்

கப்பலின் சோனாருக்கு இரண்டு இடையூறுகள் உண்டு. ஒன்று, கப்பலின் சொந்த இரைச்சல். மற்றொன்று, கடல்நீரின் வெப்பநிலை. வெப்பமண்டலக் கடல்களில் மேற்பரப்பு நீர் சூடாகவும், குறிப்பிட்ட ஆழத்துக்குக் கீழே நீர் சட்டெனக் குளிர்ந்தும் இருக்கும். இவ்விரு அடுக்குகளும் சந்திக்கும் இடத்தில் ஒலி அலைகள் வளைந்துவிடுகின்றன. அனுபவமுள்ள நீர்மூழ்கித் தலைவர் அந்த அடுக்குக்குக் கீழே பதுங்கிக்கொள்வார். மேலே செல்லும் கப்பலுக்கு அவர் இருப்பது தெரியாது. கப்பலின் இரைச்சலோ அவருக்கு நன்றாகவே கேட்கும்.

ஹெலிகாப்டர் இந்த நிலையைத் தலைகீழாக்குகிறது. கடல்மட்டத்துக்குச் சில மீட்டர் மேலே அந்தரத்தில் நின்றபடி, கம்பிவடத்தின் நுனியில் கட்டிய சோனாரை அந்த வெப்ப அடுக்கையும் தாண்டி நீருக்குள் இறக்கும். சில நிமிடங்கள் கேட்டுவிட்டு அதைச் சுருட்டிக்கொண்டு பல கிலோமீட்டர் தள்ளி அடுத்த இடத்துக்குத் தாவும். அடுத்து எங்கே வந்து காது கொடுக்கும் என்பதை நீர்மூழ்கியால் ஊகிக்க முடியாது. அதை நோக்கி டார்பிடோ வீசவும் இயலாது.

தொலைநோக்கிலும் இதே வேறுபாடு உண்டு. பூமியின் வளைவு காரணமாக, 25 மீட்டர் உயரக் கம்பத்தில் உள்ள ரேடார் கடல்மட்டத்தை ஒட்டியுள்ள பொருளைச் சுமார் 20 கிலோமீட்டர் தொலைவு வரைதான் காண முடியும். 3,000 மீட்டர் உயரத்தில் பறக்கும் ஹெலிகாப்டரின் ரேடாருக்கு அந்த எல்லை 225 கிலோமீட்டர். அலைகளை உரசியபடி வரும் ஏவுகணையை 20 கிலோமீட்டரில் கண்டால், தற்காத்துக்கொள்ள ஒரு நிமிடத்துக்கு மேல் கிடைப்பது அரிது. கப்பல் தன்னிடமுள்ள நெடுந்தூர ஏவுகணைகளைக் குறிபார்த்து ஏவுவதற்கும் வானிலிருந்து ஒரு கண் தேவை. ஆகவே ஹெலிகாப்டர் இல்லாமல் புறப்படும் போர்க்கப்பல், தன் திறனில் பெரும்பகுதியைத் துறைமுகத்திலேயே விட்டுச் செல்கிறது என்றால் மிகையில்லை.

ஆடும் தளத்தில் இறங்குவது

விமானம் தாங்கிக் கப்பலான விக்ராந்தின் நீளம் 262 மீட்டர். அதில் ஹெலிகாப்டரை இறக்குவது ஒப்பளவில் எளிது. உண்மையான சோதனை 100 முதல் 160 மீட்டர் நீளமுள்ள கப்பல்களில்தான். அவற்றின் பின்பகுதியில் உள்ள இறங்குதளம் ஏறத்தாழ ஒரு டென்னிஸ் ஆடுகளத்தின் அளவுதான் இருக்கும். அதன் ஒரு பக்கம் ஹேங்கரின் சுவர். மற்ற மூன்று பக்கமும் கடல். கப்பலின் முன்புறமிருந்து வரும் காற்று அந்தச் சுவரின் மேல் ஏறி, தளத்தின் மீது சுழலாக விழுகிறது. கப்பலின் புகைபோக்கியிலிருந்து வரும் சூடான வாயுவும் அத்துடன் சேர்ந்துகொள்ளும். தளமோ மேலும் கீழும் ஏறி இறங்கி, பக்கவாட்டிலும் சாய்ந்தபடி இருக்கும்.

விமானி கப்பலின் வேகத்துக்கு ஈடாகப் பறந்து, அலைகளின் ஓட்டத்தைக் கவனித்து, தளம் சில விநாடிகள் அமைதியாக நிற்கும் தருணத்துக்குக் காத்திருந்து, பிறகு உறுதியாக இறக்குவார். மெதுவாக, மென்மையாகத் தொடுவது இங்கே ஆபத்து. தயங்கி இறங்கினால், அடுத்த அலை தளத்தை மேலே தூக்கி ஹெலிகாப்டர் மீது மோதவைக்கும். ஆகவே சக்கரக் கால்கள் அந்த அதிர்ச்சியைத் தாங்கும் அளவுக்கு வலுவானவையாக இருக்க வேண்டும். இறங்கிய பிறகும் ஆபத்து நீங்குவதில்லை. சாயும் தளத்தில் பல டன் எடையுள்ள இயந்திரம் சறுக்கலாம், கவிழலாம்.

இதற்கு இரண்டு தீர்வுகள் பரவலாக உள்ளன. தளத்தின் நடுவே துளைகள் கொண்ட எஃகு வலைத்தட்டு ஒன்றைப் பதித்து, ஹெலிகாப்டரின் அடியிலிருந்து நீளும் கொக்கி அதைக் கவ்விக்கொள்ளுமாறு செய்வது ஒரு முறை. 1960களில் கனடா கடற்படை மற்றொரு முறையை உருவாக்கியது. அந்தரத்தில் நிற்கும் ஹெலிகாப்டரிலிருந்து இறக்கப்படும் கம்பிவடத்தைத் தளத்திலுள்ள இழுவை இயந்திரம் பற்றி, அதைக் கீழ்நோக்கி இழுத்து, பொறி போன்ற பிடிக்குள் பூட்டிவிடும். கரடியைப் பிடிக்கும் பொறியை நினைவூட்டுவதால் அதற்கு 'பேர்டிராப்' என்ற பெயரே நிலைத்துவிட்டது. எந்த முறையானாலும், கப்பலில் உள்ள கருவியும் ஹெலிகாப்டரில் உள்ள கருவியும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். ஒரு நாட்டின் கப்பலுக்கு ஏற்ற ஹெலிகாப்டர் மற்றொரு நாட்டின் கப்பலுக்கு அப்படியே பொருந்தாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அமெரிக்கத் தரைப்படையின் 'பிளாக் ஹாக்' ஹெலிகாப்டரையும் அதிலிருந்து பிறந்த கடற்படையின் 'சீ ஹாக்' ஹெலிகாப்டரையும் அருகருகே நிறுத்தினால் முதலில் தெரிவது பின்சக்கரத்தின் இடம். பிளாக் ஹாக்கில் அது வாலின் கடைக்கோடியில் இருக்கிறது. சீ ஹாக்கில் அதை உடல் பகுதிக்கு வெகு அருகே நகர்த்திவிட்டார்கள். முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தொலைவு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. சிறிய தளத்தில் பின்சக்கரம் விளிம்பைத் தாண்டிவிடக் கூடாது என்பதே நோக்கம். இறக்கைகளும் வாலும் மடிவதற்கான வசதி, உப்பைத் தாங்கும் பூச்சு, தளத்தோடு பூட்டும் கருவி என மாற்றங்கள் மேலும் நீள்கின்றன.

துருவ் ஏன் கப்பலேறவில்லை?

மடிப்புதான் இந்தியாவில் பெரும் விவாதத்தைக் கிளப்பியது. ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் (எச்ஏஎல்) உருவாக்கிய 'துருவ்' ஹெலிகாப்டர் சியாச்சின் பனிச்சிகரங்களில் திறமையை நிரூபித்தது. இரட்டை எஞ்சின், சுமார் 5.5 டன் எடை. தொடக்கத்திலிருந்தே கடற்படைக்கும் ஒரு வடிவம் திட்டத்தில் இருந்தது. ஆயினும் போர்க்கப்பல்களில் நிரந்தரமாகத் தங்கிச் செயல்பட துருவ் பொருந்தாது என்ற நிலையையே கடற்படை எடுத்தது.

துருவின் சுழல் இறக்கைகள் வரையும் வட்டத்தின் விட்டம் 13.2 மீட்டர். ஹேங்கருக்குள் நுழைய வேண்டுமானால் இறக்கைகளைப் பின்புறமாக மடித்து, மொத்த அகலத்தை 3.5 மீட்டருக்குள் அடக்க வேண்டும் என்பது கடற்படையின் நிபந்தனை. துருவில் இருந்ததோ மூட்டுகள் இல்லாத நவீனச் சுழலி அமைப்பு. அந்த அமைப்புதான் மலைகளில் அதற்குச் சுறுசுறுப்பைத் தந்தது. ஆனால் அதே அமைப்பு, இறக்கைகளைத் தேவையான அளவுக்கு ஒடுக்கி மடிப்பதற்குத் தடையாக நின்றது. ஓரிடத்தில் வரமாக இருந்தது மற்றோரிடத்தில் சுமையாயிற்று.

ஹேங்கரைச் சற்று அகலமாகக் கட்டினால் என்ன என்று கேட்கத் தோன்றும். போர்க்கப்பலில் ஹேங்கரின் இருபுறமும் வெற்றிடம் இல்லை. ஏவுகணைக் கூண்டுகள், டார்பிடோ குழாய்கள், காற்றுக் குழாய்கள், மாலுமிகளின் நடைவழி என ஒவ்வோர் அங்குலமும் பங்கிடப்பட்டிருக்கும். இரண்டு ஹெலிகாப்டர்களைச் சுமக்கும் கப்பலில் அகலம் ஒரு மீட்டர் கூடினால், அது இரு மடங்காகிக் கப்பலின் முழு வடிவமைப்பையும் மாற்றும். ஹேங்கருக்கு வெளியே திறந்த தளத்திலேயே விட்டுவைக்கலாமே என்பதும் தீர்வல்ல. பருவமழைக்கால அரபிக்கடலில் சில நாட்கள் வெளியே கிடக்கும் ஹெலிகாப்டரை மறுபடியும் பறக்கவைப்பதற்குள் பராமரிப்புக் குழு திணறிப்போகும்.

கரையிலிருந்து செயல்படும் பணிகளுக்குக் கடற்படை துருவை ஏற்றுக்கொண்டது. மூக்கில் ரேடார் பொருத்திய துருவ் மார்க்-3 ஹெலிகாப்டர்கள் 2021 முதல் கடற்படை அணிகளில் சேர்ந்தன. கடற்படையும் கடலோரக் காவல்படையும் அவற்றைத் தேடுதல், மீட்புப் பணிகளில் ஈடுபடுத்தின. ஆனால் 2023 மார்ச்சில் கடற்படையின் துருவ் ஒன்று மும்பை அருகே கடலில் அவசரமாக இறக்கப்பட்டது. 2025 ஜனவரி 5 அன்று போர்பந்தரில் கடலோரக் காவல்படையின் துருவ் விழுந்து மூவர் உயிரிழந்தனர். அதையடுத்து நாட்டின் துருவ் ஹெலிகாப்டர்கள் அனைத்தும் தரையிறக்கப்பட்டன. தரைப்படை, விமானப்படை வடிவங்களுக்குச் சில மாதங்களில் பறக்க அனுமதி கிடைத்தது. கடல்சார் வடிவங்கள் மேலும் பல மாதங்கள் காத்திருக்க நேர்ந்தது. ஒரே வகை ஹெலிகாப்டரையே கடலுக்கென்று தனியாக ஆராய வேண்டியிருந்தது என்பது கவனிக்கத்தக்கது.

எடை என்னும் இழுபறி

அளவுக்கு அடுத்தபடியாக எடை. சேத்தக் 2.2 டன், துருவ் 5.5 டன், அமெரிக்காவின் எம்எச்-60ஆர் 10 டன்னுக்கு மேல், ரஷ்யாவின் காமோவ்-28 சுமார் 12 டன். கனமான ஹெலிகாப்டருக்கு வலுவான தளம், பெரிய ஹேங்கர், அதிக எரிபொருள் கிடங்கு ஆகியவை வேண்டும். இலேசானதை எந்தக் கப்பலிலும் ஏற்றலாம். ஆனால் அதனால் என்ன செய்ய முடியும்?

நீரில் இறக்கும் சோனார், அதைச் சுருட்டும் இயந்திரம், கடலில் வீசும் ஒலிமிதவைகள், ரேடார், ஒவ்வொன்றும் கால் டன்னுக்கு மேல் எடையுள்ள டார்பிடோக்கள், இயக்குநர்கள், இவற்றுக்கு மேல் இரண்டு மூன்று மணி நேரம் பறக்க எரிபொருள். இவ்வளவையும் தூக்க 9 அல்லது 10 டன் வகை ஹெலிகாப்டர் தேவைப்படுகிறது. சிறிய ஹெலிகாப்டர் டார்பிடோவைச் சுமந்தால் சோனாரைச் சுமக்க முடியாது. அப்போது கப்பல் சொல்லும் இடத்தில் குண்டை வீசிவிட்டுத் திரும்பும் தூதுவனாக மட்டுமே அது பயன்படும்.

இத்துடன் வெப்பம் வேறு. காற்று சூடாக இருந்தால் எஞ்சினின் ஆற்றலும் இறக்கைகளின் தூக்குவிசையும் குறையும். வடகடலின் குளிரில் முழுச்சுமையுடன் அந்தரத்தில் நிற்கும் ஹெலிகாப்டர், மே மாத வங்கக்கடலில் எரிபொருளைக் குறைத்துக்கொள்ள நேரிடலாம். இரவில், கடல்மட்டத்துக்குச் சற்று மேலே, சோனார் வடம் நீருக்குள் தொங்கிக்கொண்டிருக்கையில் ஓர் எஞ்சின் நின்றுபோனால் மற்றொன்று ஹெலிகாப்டரைக் காப்பாற்ற வேண்டும். ஆகவேதான் புதிய கடற்படை ஹெலிகாப்டர்கள் அனைத்துக்கும் இரட்டை எஞ்சின் கட்டாயம் எனக் கடற்படை வலியுறுத்துகிறது. கடலில் இறங்க நேர்ந்தால் மிதக்கவைக்கும் காற்றுப்பைகளும் அப்படியே.

ரஷ்யர்கள் இந்த இழுபறியை வேறு வழியில் அணுகினர். காமோவ் வகையில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு சுழலிகள் எதிரெதிர்த் திசையில் சுழலும். வால் சுழலியே தேவையில்லை. அதனால் 12 டன் எடையுள்ள ஹெலிகாப்டரின் உடல் நீளம் 11.3 மீட்டரில் அடங்குகிறது. பக்கக் காற்றும் அதைப் பெரிதாகத் தொந்தரவு செய்யாது. பதிலுக்கு, உயரம் கூடுகிறது. ஹேங்கரின் கூரையை உயர்த்த வேண்டும். காமோவ்-31 ஹெலிகாப்டர் தன் வயிற்றுப் பகுதியில் மடித்து வைத்திருக்கும் ஏறத்தாழ 6 மீட்டர் நீள ரேடார் பலகையை வானில் விரித்துச் சுழற்றி, தொலைவிலிருந்து வரும் விமானங்களைக் கண்டறிகிறது. விக்ரமாதித்யாவிலும் தல்வார் வகைக் கப்பல்களிலும் அது செயல்பட்டு வந்துள்ளது.

உப்பும் எரிபொருளும்

ஏலக் குறிப்புகளில் எளிதில் கண்ணில் படாத, ஆனால் ஹெலிகாப்டரின் ஆயுளை நிர்ணயிக்கும் பகை உப்பு. கடலுக்கு மேல் அந்தரத்தில் நிற்கும்போது எழும் நீர்த்துகள்கள் எஞ்சினுக்குள்ளும் இணைப்புகளுக்குள்ளும் புகுகின்றன. பறந்து திரும்பிய ஒவ்வொரு முறையும் நன்னீரால் உடலையும் எஞ்சினையும் கழுவ வேண்டும். கப்பலில் நன்னீருக்கும் பஞ்சம்தான்.

ஐரோப்பிய நாடுகள் கூட்டாக உருவாக்கிய என்எச்-90 ஹெலிகாப்டரில் எதிர்பாராத அரிமானமும் தேய்மானமும் இருப்பதாக நெதர்லாந்து 2014இல் கண்டறிந்து, புதியவற்றைப் பெற்றுக்கொள்வதையே நிறுத்திவைத்தது. நார்வேயின் அனுபவம் இன்னும் கசப்பானது. 2001இல் 14 ஹெலிகாப்டர்களுக்கு ஒப்பந்தமிட்ட அந்நாடு, 2022 ஜூனில் அவற்றை முழுமையாகத் திருப்பியளிப்பதாக அறிவித்துப் பணத்தைத் திரும்பக் கேட்டது. ஆண்டுக்கு 3,900 மணி நேரம் பறக்க வேண்டிய நிலையில் சுமார் 700 மணி நேரமே பறக்க முடிந்தது என்பது நார்வே அரசு கூறிய காரணம். கண்காட்சியில் அழகாகப் பறப்பதும், நடுக்கடலில் பத்துப் பேர் கொண்ட குழுவின் பராமரிப்பில் நாள்தோறும் பறப்பதும் வேறு வேறு.

எரிபொருளிலும் கடலுக்குத் தனி விதி உண்டு. பயணிகள் விமானங்களில் பயன்படும் எரிபொருள் 38 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலேயே தீப்பற்றக்கூடிய ஆவியை வெளியிடும். மூடிய கப்பலுக்குள் அதைச் சேமிப்பது ஆபத்து என்பதால், அந்த வெப்பநிலை 60 டிகிரிக்குக் குறையாத தனி வகை எரிபொருளையே கடற்படைகள் பயன்படுத்துகின்றன. கப்பலின் ஆற்றல்மிக்க ரேடார் அலைகள் ஹெலிகாப்டரின் மின்னணுக் கருவிகளைக் குழப்பாமலும், அது சுமக்கும் ஆயுதங்களின் மின்தூண்டல் வெடிப்பிகளைத் தூண்டாமலும் இருக்க வேண்டும். தரையில் இயங்கும் ஹெலிகாப்டர்களின் வடிவமைப்பாளர்கள் இவற்றையெல்லாம் கணக்கில் கொள்வதில்லை.

முதலில் கப்பலா, ஹெலிகாப்டரா?

ஆஸ்திரேலியாவின் 'சீஸ்பிரைட்' விவகாரம் இந்தக் கேள்விக்கு விலை உயர்ந்த பாடம். மலேசியாவுடன் இணைந்து சிறிய ரோந்துக் கப்பல்களைக் கட்டும் திட்டம் 1990களில் ஆஸ்திரேலியாவுக்கு இருந்தது. அந்தச் சிறிய தளத்துக்கும் பொருந்த வேண்டும் என்ற எண்ணத்தில், 1997இல் 11 சீஸ்பிரைட் ஹெலிகாப்டர்களுக்கு ஒப்பந்தமிட்டது. மலேசியா வேறு வடிவமைப்பைத் தேர்ந்தெடுத்ததால் கூட்டுக் கப்பல் திட்டம் கைவிடப்பட்டது. ஹெலிகாப்டர் ஒப்பந்தம் மட்டும் தொடர்ந்தது. பழைய உடல் கட்டமைப்பில் புதிய மின்னணுக் கருவிகளைத் திணிக்கும் முயற்சி ஆண்டுக்கணக்கில் இழுத்து, 100 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் செலவான பின் 2008இல் ரத்தானது. பிறக்காத கப்பலுக்காக ஹெலிகாப்டர் வாங்கிய கதை அது. பின்னர் 2011இல் 24 எம்எச்-60ஆர் ஹெலிகாப்டர்களை வாங்க ஆஸ்திரேலியா முடிவெடுத்தது.

இந்தியக் கடற்படையின் பழைய அனுபவமோ இதற்கு நேர்மாறான, பாராட்டத்தக்க ஒன்று. 1972இல் சேர்ந்த ஐஎன்எஸ் நீலகிரியும் அதைத் தொடர்ந்த மூன்று கப்பல்களும் இலகுவான சேத்தக்குக்கே இடம் கொண்டிருந்தன. அதே வரிசையின் கடைசி இரண்டு கப்பல்களான தாராகிரியிலும் விந்தியகிரியிலும் இந்திய வடிவமைப்பாளர்கள் பின்பகுதியைத் திருத்தி, நால்மடங்குக்கும் மேல் கனமான சீ கிங்கை இறக்கவும் நிறுத்தவும் வழிசெய்தனர். கனடாவின் பேர்டிராப் கருவியும் அவற்றில் இடம்பெற்றது. 1983இல் வந்த ஐஎன்எஸ் கோதாவரி இரண்டு சீ கிங்குகளைச் சுமந்தது. அந்த அளவுள்ள கப்பலுக்கு அது அரிய சாதனை. எந்த ஹெலிகாப்டர் என்பது முன்பே தெரிந்திருந்ததால்தான் கப்பலை அதற்கேற்ப வரைய முடிந்தது.

காலித் தளங்களின் காலம்

பின்னாளில் கப்பல்கள் வந்துகொண்டிருந்தன, ஹெலிகாப்டர்கள் வரவில்லை. 1998 அணுகுண்டுச் சோதனைக்குப் பின் அமெரிக்கா விதித்த தடையால், அமெரிக்க பாகங்கள் கொண்ட சீ கிங்குகள் உதிரிபாகமின்றி முடங்கின. அவற்றுக்கு மாற்றாக 16 ஹெலிகாப்டர்களை வாங்க 2008இல் ஒப்பந்தப்புள்ளி கோரப்பட்டது. களத்தில் இருந்தவை அமெரிக்காவின் எஸ்-70பி, ஐரோப்பாவின் என்எச்-90. முறைகேட்டுப் புகாரில் சிக்கிய இத்தாலிய நிறுவனத்தின் தொடர்பு காரணமாக என்எச்-90 விலக்கப்பட்டு, 2014 இறுதியில் எஸ்-70பி தேர்வானது. விலைப் பேச்சு முடியாமலேயே 2017இல் அந்த முயற்சி கைவிடப்பட்டது. ஒன்பது ஆண்டுகளில் ஒரு ஹெலிகாப்டர்கூட வரவில்லை.

இந்த இடைவெளியில், நீர்மூழ்கி எதிர்ப்புக்கென்றே கட்டப்பட்ட ஐஎன்எஸ் கமோர்ட்டா 2014 ஆகஸ்டில் விசாகப்பட்டினத்தில் சேர்க்கப்பட்டது. தண்டவாளமின்றி ஹெலிகாப்டரை நகர்த்தும் கருவி, மடியும் ஹேங்கர் கதவு என அதில் செய்யப்பட்ட ஏற்பாடுகள் சிறப்பானவை. சோனாருடன் கூடிய பொருத்தமான ஹெலிகாப்டர்தான் போதிய எண்ணிக்கையில் இல்லை.

இறுதியில் 2020 பிப்ரவரியில், ஏலமின்றி, இரு அரசுகளுக்கு இடையிலான ஒப்பந்தமாக 24 எம்எச்-60ஆர் ஹெலிகாப்டர்கள் வாங்கப்பட்டன. எஸ்-70பி குடும்பத்தின் புதிய வாரிசுதான் இது. முதல் இரண்டு, 2021 ஜூலையில் அமெரிக்காவின் சான் டியேகோவில் ஒப்படைக்கப்பட்டன. 2023 மே மாதத்தில் ஐஎன்எஸ் கொல்கத்தாவிலும் பின்னர் விக்ராந்திலும் அவை முதன்முறையாக இறங்கின. 2024 மார்ச் 6 அன்று கொச்சியில் முதல் அணியும், 2025 டிசம்பரில் கோவாவில் இரண்டாவது அணியும் தொடங்கப்பட்டன.

வாங்கிய உடனே எல்லாக் கப்பல்களிலும் ஏற்றிவிட முடியாது. ஒவ்வொரு வகைக் கப்பலிலும் பகலிலும் இரவிலும், காற்று எந்தத் திசையிலிருந்து எவ்வளவு வேகத்தில் வந்தால், தளம் எத்தனை டிகிரி சாய்ந்தால், எவ்வளவு எடையுடன் இறங்கலாம் என்பதைப் படிப்படியாகச் சோதித்து, வட்ட வரைபடங்களாகப் பதிவு செய்ய வேண்டும். அந்த வரைபடம் கையில் இல்லாத கப்பலில் அந்த ஹெலிகாப்டர் விருந்தாளிதான்.

சேத்தக்கின் இடத்தில் யார்?

கனரக ஹெலிகாப்டருக்கு 24 என்ற எண்ணிக்கையில் ஒரு தொடக்கம் கிடைத்துவிட்டது. இலகுரகப் பிரிவில் கேள்வி இன்னும் நீடிக்கிறது. ஃபிரான்ஸின் அலுவெட்-3 வடிவமைப்பில் எச்ஏஎல் தயாரித்த சேத்தக்கின் மூல ஹெலிகாப்டர் முதலில் பறந்தது 1959இல். ஒற்றை எஞ்சின், நவீன இரவுப் பறத்தல் வசதிகள் இல்லை. ஆனால் சிறியது, இறக்கைகள் மூன்றே என்பதால் எளிதில் அடங்கும். எந்தச் சிறு தளத்திலும் இறங்கி, நோயுற்ற மாலுமியைக் கரைக்குக் கொண்டுசேர்க்கவும், கடலில் விழுந்தவரைத் தூக்கவும், கப்பலுக்குக் கப்பல் பொருள் கொண்டுசெல்லவும் அது பல பத்தாண்டுகள் கைகொடுத்திருக்கிறது.

அதற்கு மாற்றாக 111 ஹெலிகாப்டர்களைச் சுமார் 21,000 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டு வாங்க, பாதுகாப்புத் தளவாடக் கொள்முதல் குழு 2018 ஆகஸ்டில் ஒப்புதல் அளித்தது. வெளிநாட்டு நிறுவனத்தின் தொழில்நுட்பத்துடன் இந்தியத் தனியார் நிறுவனம் தயாரிக்க வேண்டும் என்பது திட்டம். எச்ஏஎல் தன்னிடமே தீர்வு உள்ளதாக வாதிட, திட்டம் தேங்கியது. கடற்படையின் மூன்றரை மீட்டர் நிபந்தனையை நிறைவேற்றும் வகையில் இறக்கைகளும் வாலும் மடியும் புதிய வடிவத்தை அந்நிறுவனம் துருவின் அடிப்படையில் உருவாக்கி வருகிறது. சீ கிங் வகைக்கு நிகரான, ஏறத்தாழ 13 டன் எடையுள்ள கப்பல்தள ஹெலிகாப்டருக்கான திட்டமும் அதனிடம் இருக்கிறது. ஃபிரான்ஸின் சஃப்ரான் நிறுவனத்துடன் சேர்ந்து உருவாக்கும் அதன் எஞ்சினுக்கு 'ஆரவல்லி' எனப் பெயரிடப்பட்டுள்ளது.

உள்நாட்டுத் தயாரிப்பின் தேவையை மறுப்பதற்கில்லை. சீ கிங்குகள் உதிரிபாகத் தடையால் முடங்கியதும், 10 காமோவ்-31 வாங்க 2019இல் எடுத்த முடிவு உக்ரைன் போருக்குப் பின் நகராமல் நின்றதும் அதையே உணர்த்துகின்றன. அதே வேளையில், தயாரிப்பாளருக்காக நிபந்தனையைத் தளர்த்துவதும் சரியான வழியல்ல. ஹேங்கரின் கதவு மூன்றரை மீட்டர் என்றால் ஹெலிகாப்டரும் மூன்றரை மீட்டருக்குள் வர வேண்டும். கப்பல்கள் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைப்பவை. இன்று கட்டப்படும் கதவின் அளவு 2050களின் ஹெலிகாப்டரையும் கட்டுப்படுத்தும்.

இதற்கிடையே, தமிழகத்தின் அரக்கோணத்தில் உள்ள ஐஎன்எஸ் ராஜாளி தளத்தின் பயிற்சிப் பள்ளியிலிருந்து கடற்படையின் ஹெலிகாப்டர் விமானிகள் ஆண்டுதோறும் பட்டம் பெற்று வெளியேறுகின்றனர். அவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பறக்கக் கற்ற ஹெலிகாப்டர் சேத்தக்.